லோகோ ஆல்பம் வரலாறு ஆகாது: காட்சித் தொடர்பியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் முப்பது வருடமாக டிடிபி தொழிலில், அதாவது கணினியில் பக்கம் கட்டி அச்சுக்குக் கொடுக்கும் டெஸ்க்டாப் பப்ளிஷிங் தொழிலில் இருப்பவன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ், கும்பாபிஷேக மலர், ஒன்றிரண்டு சிறுபத்திரிகை என்று கைக்கு வந்ததைச் செய்து பிழைக்கிறேன். வேலை இல்லாத நேரத்தில் அச்சுத்தொழில் வரலாற்றைப் படிக்கிற பழக்கம் உண்டு. உங்கள் துறைப் பிள்ளைகள் விடுமுறையில் இன்டர்ன்ஷிப் என்று என் கடையில் வந்து உட்காருவார்கள். போன மாதம் அப்படி வந்த ஒரு மாணவியின் ரெக்கார்டு நோட்டைப் புரட்டினேன். 'அமெரிக்க கிராஃபிக் டிசைன் வரலாறு' என்று ஒரு யூனிட். பத்துப் பக்கம் முழுக்க லோகோக்கள். நறுக்கி ஒட்டி, கீழே பெயரும் வருடமும் எழுதி, ஸ்கெட்ச் பேனாவில் பார்டர் கட்டியிருந்தாள்.

"இது வரலாறா, ஸ்டாம்ப் ஆல்பமா?" என்றேன்.

"இதுதான் அங்கிள் பரீட்சைக்கு வரும்" என்றாள்.

அந்தப் பதிலுக்குப் பிறகு அவளிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நோட்டில் பெரிய தப்புகள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஐபிஎம் லோகோ 1956, பால் ராண்ட், சரி. சிபிஎஸ் தொலைக்காட்சியின் கண் சின்னம் 1951, வில்லியம் கோல்டன், சரி. நைக்கியின் அந்த வளைகோடு 1971, கரோலின் டேவிட்சன் என்ற மாணவி, கூலி 35 டாலர், அதுவும் சரி. ஒரே ஒரு இடத்தில் இடித்தது. நியூயார்க் சுரங்க ரயில் அறிவிப்புப் பலகைகளுக்கு நேராக 'ஹெல்வெட்டிகா, 1970' என்று இருந்தது. மாஸிமோ விக்னெல்லியும் பாப் நூர்டாவும் 1970-ல் போட்டுக்கொடுத்த கையேட்டில் இருந்த எழுத்துரு ஸ்டாண்டர்ட் மீடியம். ஹெல்வெட்டிகா அங்கே அதிகாரபூர்வமாக உள்ளே வந்தது 1989-ல். இது சின்ன விஷயம்தான். ஆனால் விக்னெல்லி 1972-ல் போட்ட வரைபடத்துக்கு என்ன ஆனது என்று கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. எல்லாக் கோடும் 45 டிகிரி, 90 டிகிரியில் திரும்பும் அழகான படம் அது. சென்ட்ரல் பார்க்கை சதுரமாக்கி, ஆற்றுக்கு மணல் நிறம் அடித்திருந்தார். தரைக்கு மேலே வந்த பயணி வழி தெரியாமல் திணறினார், புகார்கள் குவிந்தன, 1979-ல் அந்தப் படத்தை எடுத்துவிட்டு நிலத்தோடு ஒட்டிய வேறு படம் வைத்தார்கள். 2025-ல் மறுபடியும் கிட்டத்தட்ட விக்னெல்லி பாணிக்கே திரும்பியிருக்கிறார்கள். ஒரு ஊர் ஒரு படத்தோடு ஐம்பது வருடம் போட்ட சண்டை இது. உங்கள் யூனிட்டில் அது ஒரு தேதியாக மட்டும் இருக்கிறது.

என் கோரிக்கை இவ்வளவுதான்: யார் செய்தார், எந்த வருடம் என்பதோடு, யாருக்காகச் செய்தார், யார் காசு கொடுத்தது, பயன்படுத்தியவர் கையில் அது என்ன ஆனது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். அப்படிச் சொல்லப் போனால் யூனிட்டை லோகோவில் ஆரம்பிக்க முடியாது. எங்கே ஆரம்பிக்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை உண்டு. ஒரு வாக்குச்சீட்டில்.

2000 நவம்பர் 7. ஃப்ளோரிடா மாநிலம், பாம் பீச் மாவட்டம். ஜனாதிபதி பதவிக்குப் பத்து வேட்பாளர்கள். அங்கே வயதானவர்கள் அதிகம் என்பதால் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்று தேர்தல் அதிகாரி நினைத்தார். நல்ல எண்ணம்தான். பத்துப் பெயரையும் பெரிய எழுத்தில் ஒரே பக்கத்தில் அடக்க முடியாது. ஆகவே விரித்த புத்தகம் போல இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று பெயர்களைப் பிரித்து, நடுவில் ஒரே வரிசையாகத் துளைகளை வைத்தார்கள். வாக்காளர் கூர்மையான குச்சியால் தன் வேட்பாளருக்கு உரிய துளையில் குத்த வேண்டும்.

இப்போது ஒரு தாளை மடித்துப் பிரித்து வைத்துப் பாருங்கள். இடப்பக்கம் முதல் பெயர் புஷ், இரண்டாவது பெயர் கோர்; உண்மையான போட்டி இந்த இருவருக்கும்தான். வலப்பக்கம் முதல் பெயர் புக்கேனன், ஆனால் அது இடப்பக்கத்து இரண்டு பெயர்களுக்கும் நடு உயரத்தில் இருக்கிறது. அதனால் நடுவில் உள்ள துளைகளில் முதலாவது புஷ்ஷுக்கு, இரண்டாவது புக்கேனனுக்கு, மூன்றாவதுதான் கோருக்கு. அம்புக்குறி போட்டிருந்தார்கள். இருந்தாலும் இரண்டாவது பெயருக்கு இரண்டாவது துளை என்றுதானே விரல் போகும்?

போனது. அந்த மாவட்டத்தில் புக்கேனனுக்கு 3,400-க்கும் மேல் வாக்குகள் விழுந்தன. அவரே தொலைக்காட்சியில் வந்து, இதில் நிறைய என் வாக்காக இருக்காது என்று ஒத்துக்கொண்டார். இரண்டு துளையில் குத்தி 19,000-க்கும் மேற்பட்ட சீட்டுகள் செல்லாமல் போயின. மாநில முடிவில் புஷ் முந்தியது 537 வாக்குகளில்; ஜனாதிபதி பதவியே அந்த மாநிலத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மறு எண்ணிக்கை, வழக்கு, உச்ச நீதிமன்றம் என்று பிறகு நடந்த கூத்து தனிக்கதை. ஒரு தாள்தான் ஆட்சியை முடிவுசெய்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் லேஅவுட் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. இதற்குப் பிறகுதான் அமெரிக்க டிசைனர்கள் சங்கமான ஏஐஜிஏ வாக்குச்சீட்டு வடிவமைப்பைக் கையில் எடுத்து, அமெரிக்கத் தேர்தல் உதவி ஆணையத்தோடு உட்கார்ந்து வழிகாட்டி நெறிகள் போட்டது. 1914-ல் தொடங்கிய சங்கம் அது.

சிரிக்காதீர்கள், இதே தப்பை நான் செய்திருக்கிறேன். ஒரு கல்யாணப் பத்திரிகை. வரவேற்பு ஒரு மண்டபம், முகூர்த்தம் இன்னொரு மண்டபம். இரண்டு பக்கத்திலும் எடை சமமாக இருக்க வேண்டும் என்று, முகவரிகளை மடிப்புக்கு இந்தப்பக்கம் ஒன்றும் அந்தப்பக்கம் ஒன்றுமாக வைத்தேன். பார்க்க அம்சமாக இருந்தது. வரவேற்பு அன்று சாயங்காலம் நாற்பது ஐம்பது பேர் மறுநாள் மண்டபத்தின் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றார்கள். பெண்ணின் அப்பா என்னைத் திட்டவில்லை. மிச்சப் பணத்தைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 'கிராஃபிக் டிசைன்' என்ற பெயர் 1922-ல் டுவிக்கின்ஸ் என்ற டிசைனர் ஒரு பாஸ்டன் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் பிறந்தது என்று நோட்டில் இருக்கிறது. அதற்கு முன்பே அந்தச் சொல் புழக்கத்தில் இருந்ததைப் பின்னால் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெயர் எப்போது வந்தால் என்ன, வேலை அதற்கு நூறு வருடம் முன்பே தொடங்கிவிட்டது. 1827-ல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்ற அச்சுக்காரர் மர எழுத்துகளை இயந்திரத்தில் குடைந்து மொத்தமாகச் செய்ய வழி கண்டார். ஈயத்தில் பெரிய எழுத்து வார்த்தால் கனம் தாங்காது, காசும் அதிகம். மரம் வந்ததும் சுவரளவு எழுத்து சாத்தியமாயிற்று. சர்க்கஸ், நாடகம், ஏலம், எல்லாம் சுவரில் ஏறின. பால்டிமோரில் ஜெர்மனியிலிருந்து வந்த கடிகாரத் தொழிலாளி மெர்கன்தாலர் செய்த, ஈய எழுத்தை வரி வரியாக வார்க்கும் லைனோடைப் இயந்திரம் 1886-ல் ஒரு நியூயார்க் நாளிதழில் ஓட ஆரம்பித்தது. இவர்கள் யாரும் உங்கள் யூனிட்டில் இல்லை. லோகோ போடாததாலா?

ஜெர்மனியிலிருந்து வந்தவர் என்றேன் இல்லையா, அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 'அமெரிக்க நவீன பாணி' என்று நோட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அந்த அமெரிக்கர்கள் யார்? 'ஹார்ப்பர்ஸ் பஜார்' பத்திரிகையின் பக்கங்களை 1934 முதல் மாற்றிப்போட்ட பிராடோவிச் ரஷ்யாவிலிருந்து வந்தவர். 1937-ல் சிகாகோவில் புதிய பௌஹவுஸ் என்ற டிசைன் பள்ளியைத் தொடங்கிய மொஹோலி-நாகி ஹங்கேரிக்காரர். எனக்கு மிகவும் பிடித்தவர் லடிஸ்லாவ் சுட்னார். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து 1939-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு வந்தார். அந்த மார்ச்சில்தான் ஹிட்லர் படை பிராகுக்குள் நுழைந்தது. சுட்னார் திரும்பிப் போகவில்லை.

அவருக்குக் கிடைத்த வேலை, கட்டடச் சாமான்களின் விலைப்பட்டியல். போல்ட், நட்டு, குழாய், கதவுக் கீல். ஸ்வீட்ஸ் என்ற கேட்டலாக் நிறுவனத்தில் ஏறக்குறைய இருபது வருடம் அதைத்தான் செய்தார். வலப்பக்கம் இடப்பக்கம் இரண்டையும் சேர்த்து ஒரே பரப்பாக எடுத்துக்கொண்டு, எண்ணும் அம்பும் பட்டையும் வைத்து, தேடுகிறவன் கண்ணைக் கையைப் பிடித்து அழைத்துப்போகிற மாதிரி பக்கம் கட்டினார். அமெரிக்கத் தொலைபேசி எண்ணில் ஊர்க் குறியீட்டை அடைப்புக்குறிக்குள் போடும் வழக்கம் தெரியும் அல்லவா? பெல் தொலைபேசி நிறுவனத்துக்காக அதைச் செய்தவர் அவர்தான். அந்த இரண்டு வளைகோடுகளுக்குக் கீழே அவர் பெயரை யாரும் போடவில்லை. விசிட்டிங் கார்டு போடும்போது எஸ்டிடி கோடை அடைப்புக்குறிக்குள் அடித்து அடித்து என் விரலே தேய்ந்திருக்கிறது. எனக்கும் வெகுநாள் தெரியாது.

பால் ராண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நோட்டின் கதாநாயகன் அவர். ப்ரூக்ளினில் பிறந்தபோது பெயர் பெரெட்ஸ் ரோசன்பாம். யூதப் பெயரோடு விளம்பரத் தொழிலில் கதவைத் தட்டினால் திறக்காத காலம். பெயரை மாற்றிக்கொண்டார், ஆங்கிலத்தில் முன்னால் நான்கு எழுத்து, பின்னால் நான்கு எழுத்து, பார்வைக்குச் சமம். அதை அளந்து செய்திருக்கிறார் மனுஷன். இதைத் தெரிந்துகொண்டு ஐபிஎம் லோகோவைப் பார்க்கும் பிள்ளை வேறு மாதிரி பார்க்கும். அவர் கடைசியாகச் செய்த லோகோக்களில் ஒன்று என்ரான் என்ற எரிசக்திக் கம்பெனிக்கு. 2001-ல் அந்தக் கம்பெனி மோசடியில் மூழ்கியது. சாய்ந்து நின்ற அந்த எழுத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. நல்ல லோகோ கெட்ட கம்பெனியைக் காப்பாற்றாது என்பதையும் அதே பக்கத்தில் ஒட்டலாமே.

வந்தவர்களுக்கு ஓரளவு திறந்த கதவு, எல்லோருக்கும் திறக்கவில்லை. சிப்பி பினெலெஸ் வியன்னாவில் பிறந்தவர். பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று தெரியாததால் வேலைக்குக் கூப்பிடுவார்களாம். நேரில் போய் நின்றதும் இடமில்லை என்பார்களாம். பிறகு 'கிளாமர்', 'செவன்டீன்' பத்திரிகைகளின் ஆர்ட் டைரக்டராகி, நியூயார்க் ஆர்ட் டைரக்டர்ஸ் கிளப்பில் சேர்ந்த முதல் பெண் ஆனார். உங்கள் நோட்டில் அவர் கணவர் இருக்கிறார்: சிபிஎஸ் கண் போட்ட அதே வில்லியம் கோல்டன். மனைவி இல்லை. சிபிஎஸ் தொலைக்காட்சியின் கிராஃபிக்ஸ் பிரிவை 1945 முதல் நடத்திய கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஓல்டனும் இல்லை. அமெரிக்கத் தபால் தலையை வடிவமைத்த முதல் கறுப்பின டிசைனர் அவர். 1963-ல் அடிமை ஒழிப்புப் பிரகடனத்தின் நூற்றாண்டுக்காக வந்த அந்தத் தபால் தலையில் அறுந்த சங்கிலி ஒன்று, வேறு படம் கிடையாது.

அரசாங்கம் வாடிக்கையாளராக இருந்த கதையைச் சுருக்கமாகவாவது சேர்த்துவிடுங்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்து 1943 வரை போஸ்டர் போட வைத்தார்கள். காசநோய்ப் பரிசோதனை, நூலகம், உயிரியல் பூங்கா என்று சில்க் ஸ்கிரீனில் அச்சிட்டவை. தொள்ளாயிரத்துக்கும் மேல் இன்றும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. 1937-ல் லெஸ்டர் பீல் கிராமப்புற மின்மயமாக்கல் துறைக்குச் செய்த வரிசையை மட்டும் வகுப்பில் ஒரு மணி நேரம் மாட்டி வைக்கலாம். குழாயிலிருந்து கொட்டும் தண்ணீர், ஒரு வானொலி, ஒரு விளக்கு. தட்டையான நிறம், ஓர் அம்பு, ஒன்றிரண்டு சொல். வாசிப்புப் பழக்கம் குறைந்த, வீட்டில் கரண்டே இல்லாத விவசாயிக்குப் போட்டது. நாசாவின், எழுத்துகள் புழு மாதிரி வளைந்த லோகோவை 1992-ல் தூக்கியதும் 2020-ல் ராக்கெட்டில் திரும்ப வரைந்ததும் பிள்ளைகளுக்கே தெரியும், டி-சட்டையில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

அப்புறம் என் தொழில். இதில் நான் பாரபட்சமாகத்தான் பேசுவேன். 'டிடிபி' என்று நம் ஊர் தெருவுக்குத் தெரு போர்டு இருக்கிறதே, அந்தச் சொல் பால் பிரெய்னெர்ட் என்பவர் உண்டாக்கியது. சியாட்டிலில் ஆல்டஸ் என்ற கம்பெனி நடத்தி 1985-ல் பக்கம் கட்டும் மென்பொருளான பேஜ்மேக்கரைக் கொண்டுவந்தவர். முந்தைய வருடம் ஆப்பிளின் மெக்கின்டோஷ் கணினி வந்திருந்தது; அதன் ஐகான்களை சூசன் கேர் கட்டத்தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி வரைந்தார், நீளத்துக்கு 32 புள்ளி, அகலத்துக்கு 32 புள்ளி. பேஜ்மேக்கர் தன் ஊரில் மறைந்த பிறகும் நம் கடைகளில் பல வருடம் உயிரோடு இருந்தது. என்னிடமும் இருந்தது. பட்டர் பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுத்துப் பிளேட் போடக் கொடுத்த காலம். விரல் ரேகை பட்டால் அதுவும் அச்சாகும் என்று பவுடர் போட்டுக் கையைத் துடைப்போம். வரலாறு மாணவர் வீட்டு வாசலுக்கு வரும் இடம் இது. நோட்டில் ஒரு வரி: 'கணினிப் புரட்சி, 1984.'

புரட்சி என்றால் யாரோ ஒருவர் வேலை போயிருக்க வேண்டுமே. நியூயார்க் அச்சுத் தொழிலாளர்கள் 1962 டிசம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கி 114 நாள் நாளிதழ்களை நிறுத்திவைத்தார்கள். சண்டைக்கான காரணங்களில் ஒன்று, வரப்போகிற தானியங்கி இயந்திரம். 1974-ல் ஓர் ஒப்பந்தம்: இயந்திரம் வரட்டும், ஆனால் இப்போது இருக்கும் கம்பாசிட்டர்களுக்கு, அதாவது எழுத்து அடுக்குபவர்களுக்கு, ஆயுளுக்கும் வேலை உறுதி. 'நியூயார்க் டைம்ஸ்' கடைசியாக ஈயத்தில் அடுக்கிய இரவு 1978 ஜூலை 1. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் பழைய கம்பாசிட்டர். எழுத்துப் பெட்டியான கேஸில் எந்த அறையில் 'ஞ' இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். கடை கம்ப்யூட்டருக்கு மாறியபோது அவருக்கு யாரும் ஒப்பந்தம் போடவில்லை. பைண்டிங் பக்கம் உட்கார்ந்தார்.

குழுவில் இருப்பவர்களுக்குப் பாட நேரம் குறைவு, மாதிரி வினாத்தாள், மேலிருந்து வரும் கெடுபிடி என்று ஆயிரம் கஷ்டம் இருக்கும், எனக்குத் தெரியும். யூனிட்டை நீட்டச் சொல்லவில்லை. நாற்பது லோகோவில் முப்பதைக் கழியுங்கள். அந்த இடத்தில் பாம் பீச் சீட்டு, சுட்னாரின் ஒரு கேட்டலாக் பக்கம், பீலின் குழாய், ஓல்டனின் சங்கிலி, அப்புறம் மெம்ஃபிஸ் அட்டை வரட்டும். 'வரைக' என்ற கேள்விக்குப் பதில் 'இதில் யார் தடுக்கி விழுவார்கள், ஏன்' என்று கேளுங்கள்.

மெம்ஃபிஸ் அட்டையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 1968 பிப்ரவரி 1, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரம். மழைக்கு ஒதுங்கிய இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள், குப்பை லாரியின் அழுத்தும் இயந்திரத்தில் சிக்கி இறந்தார்கள். சில நாளில் சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், பெரும்பாலும் எல்லோரும் கறுப்பினத்தவர். நரைத்த மனிதரையும் வெள்ளைக்காரன் 'பையா' என்று கூப்பிட்ட ஊர். அவர்கள் கையில் பிடித்த அட்டையில் நான்கே சொல்: 'ஐ ஆம் எ மேன்'. கெட்டியான கறுப்பு எழுத்து. 'ஆம்' என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் ஒரு கோடு. போட்டவர் பெயர் எந்த லோகோ ஆல்பத்திலும் இருக்காது.

இதை அந்த மாணவிக்குப் பயிற்சியாகக் கொடுத்தேன்: தமிழில் அடுக்கிக்காட்டு. ஒரு நாள் முழுக்கத் திணறினாள். 'நான் மனிதன்' என்று போட்டால் கோடு போட வேண்டிய சொல்லே தமிழில் இல்லை. அவர்கள் அடிக்கோடிட்ட வினைச்சொல் நமக்கு வெறும் இடைவெளி. 'நானும் மனிதன்தான்' என்றால் கெஞ்சுவது மாதிரி இருக்கிறது என்று அவளே அடித்துவிட்டாள். 'நான்' கீழே கோடு போட்டால் திமிராகவும், 'மனிதன்' கீழே போட்டால் பாடப்புத்தகமாகவும் தெரிந்தது. சாயங்காலம், அட்டையைத் தூக்குபவர் பெண்ணாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

கடைசியில் ஆறு அட்டை தேறியது. வகுப்புக்குக் கூப்பிட்டால் எடுத்து வருகிறேன். பணம் வேண்டாம், ஒரு நீள மேசை போதும். ஒன்றை மட்டும் கடைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பில் புக் வாங்க வந்த ஒருவர் நேற்று அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எந்தக் கட்சி நோட்டீஸ்?" என்று கேட்டார்.

இப்படிக்கு,
ஒரு டிடிபி கடைக்காரன்